கிரேக்கத் தெய்வங்களின் கோபம்: கதை சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கப் புராணங்களைத் தமிழில் சொல்ல இப்போது நிறையப் பேர் வந்துவிட்டார்கள், சந்தோஷம். சிலர் எழுதியதை அனுப்பி "ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். படித்தால், நாங்களெல்லாம் தொடக்கத்தில் விழுந்த அதே குழிகளில் இவர்களும் வரிசையாக விழுந்துகொண்டிருப்பார்கள். கடல் தெய்வத்துக்கு ரோமானியர் வைத்த நெப்டியூன், கிரேக்கர் வைத்த பொசைடன் என்ற பெயர்களின் குழப்பம், மரக்குதிரையை ஹோமரின் டிராய் போர்க் காவியமான இலியடின் கதைக்குள் நுழைப்பது மாதிரியானவற்றை இங்கே விட்டுவிடுகிறேன், அதெல்லாம் கொஞ்சம் தேடினாலே சரியாகிவிடும். தெய்வம் கோபப்படும் இடங்களில்தான் பெரிய சொதப்பல்கள் நடக்கின்றன.

எல்லாப் பழியையும் பொசைடன் தலையில் கட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். ஒரு தம்பி, டிராய் போர் முடிந்து ஊர் திரும்பும் இதாக்கா அரசன் ஒடிசியஸின் பயணம் முழுவதையும் ஒலித்தொடராகப் பதிவு செய்து முடித்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் என்னிடம் காட்டினார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கடல் இரையும், பொசைடன் சிரிப்பார். கப்பல் உடைந்தால் பொசைடன், ஆள் செத்தால் பொசைடன், காற்று திசை மாறினாலும் பொசைடன். பாதிக்கு மேல் மறுபடி பதிவு செய்ய வேண்டியதாயிற்று, ஸ்டுடியோ வாடகை அவருடைய கைக்காசு.

அந்தப் பயணத்தைப் பாடும் ஹோமரின் ஒடிசியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒடிசியஸ் 12 கப்பல்களோடு டிராயிலிருந்து கிளம்புகிறான். அதில் 11 கப்பல்களைத் துறைமுகத்திலேயே கல்லெறிந்து நொறுக்கியவர்கள் லைஸ்ட்ரிகோனியர்கள் என்ற அரக்கர்கள். அதற்கு முன்பு இதாக்கா கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வந்தபோது எதிர்க்காற்றுகளைக் கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்துவிட்டது அவனுடைய ஆட்களேதான், உள்ளே தங்கமும் வெள்ளியும் இருக்கும் என்று. மிஞ்சிய ஒரு கப்பலை இடியால் பிளந்தது தெய்வங்களின் அரசன் ஜீயஸ், அதுவும் தன் மாடுகளை அடித்துத் தின்றுவிட்டார்கள் என்று சூரியக் கடவுள் ஹீலியோஸ் போய் முறையிட்டதால். கலிப்சோ என்ற தேவதையின் தீவில் கழிந்த 7 ஆண்டுகளுக்கும் புயல் காரணமில்லை, அவள் அவனை விடவில்லை. பொசைடன் ஒடிசியஸ் மேல் நேரடியாகக் கைவைப்பதை நாம் பார்ப்பது ஐந்தாம் காண்டத்தில், எத்தியோப்பியர்களிடம் விருந்துக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒடிசியஸின் தெப்பத்தைக் கண்டு அதை உடைக்கும்போதுதான். அந்த நேரத்தில் கூட வந்தவர்களில் ஒருவனும் உயிரோடு இல்லை!

அப்படியானால் பொசைடனின் கோபம் சும்மாவா? இல்லை. அது எங்கே தொடங்குகிறது என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். "மனிதன் திமிராகப் பேசினான், கடவுள் தண்டித்தார்" என்று எழுதிவிடுகிறார்கள். காவியத்தின் தொடக்கத்திலேயே ஜீயஸ் காரணத்தைச் சொல்லிவிடுகிறார்: பொசைடனின் மகனான ஒற்றைக்கண் அரக்கன் போலிஃபீமஸின் கண்ணைக் குருடாக்கியதால் வந்த கோபம். அப்பன் கோபம் அது, நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. போலிஃபீமஸிடம் தன் பெயர் 'யாருமில்லை' என்று சொல்லித் தப்பித்த ஒடிசியஸ், கப்பல் நகர்ந்த பிறகு, கூட இருந்தவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், தன் பெயர், அப்பா லேயர்ட்டீஸின் பெயர், ஊர் எல்லாவற்றையும் கத்திச் சொல்கிறான். திமிர் பங்குக்கு வருவது இங்கேதான்: பெயர் கிடைத்ததால்தான் போலிஃபீமஸால் அப்பாவிடம் குறிப்பிட்டு வேண்ட முடிகிறது. அந்த வேண்டுதலையும் கவனித்துப் படியுங்கள். அவன் வீடு திரும்பக் கூடாது, திரும்புவதுதான் விதி என்றால் தாமதமாக, துணைவர்களையெல்லாம் இழந்து, அடுத்தவர் கப்பலில் போய்ச் சேரட்டும், வீட்டிலும் தொல்லை காத்திருக்கட்டும் என்கிறான். அத்தனையும் பலிக்கிறது. ஆனால் பலிக்க வைக்கும் கைகள் வேறு வேறு, ஒடிசியஸின் ஆட்களின் பசியும் பேராசையும் உட்பட. இந்தப் பின்னலை எடுத்துவிட்டால் ஒரு வில்லனும் ஒரு புயலும்தான் மிஞ்சும், அதற்கு ஹோமர் எதற்கு?

இந்தக் கோபம் எப்படித் தீர வேண்டும் என்பதை முக்கால்வாசிப் பேர் தொடுவதே இல்லை. ஒடிசியஸ் ஒரு துடுப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு, கடலையே அறியாத மக்கள் இருக்கும் உள்நாட்டுக்கு நடக்க வேண்டும். வழியில் எதிர்ப்படும் ஒருவன் அதைத் தானியம் தூற்றும் கருவி என்று நினைத்துக் கேட்கும் இடத்தில் துடுப்பை நட்டு, ஆட்டுக்கடா, காளை, ஆண்பன்றி மூன்றையும் பொசைடனுக்குப் பலி கொடுக்க வேண்டும். பாதாள உலகில் இறந்துபோன குறிசொல்லி டைரீசியஸ் சொல்லும் வழி இது. கடல் தெய்வத்தின் பெயரே எட்டாத ஊருக்கு அவருடைய மரியாதையைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறார். தம்பியின் தொடரில் இது இல்லவே இல்லை, மனைவியைக் கட்டிப்பிடித்ததோடு இசை போட்டு முடித்துவிட்டார்.

தப்பு செய்தவன் மேல்தான் கோபம் இறங்கும் என்று நம்புவது

இலியடின் முதல் காண்டத்தைத் திறங்கள். அப்போலோ தெய்வத்தின் பூசாரி கிரைசீஸை அவமதித்துத் துரத்தியவன் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான். அப்போலோவின் அம்புகளோ முதலில் கோவேறு கழுதைகள் மேலும் நாய்கள் மேலும் பாய்கின்றன, அப்புறம் படைவீரர்கள் மேல். 9 நாள் பிணங்கள் எரிகின்றன, அகமெம்னானுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கலிடோன் என்ற ஊரிலும் இதே கதைதான். அறுவடைப் படையலில் வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸை மறந்துவிட்டவன் அரசன் ஒய்னியஸ். அவள் அனுப்பிய காட்டுப்பன்றியால் வந்த சண்டையில் கடைசியில் உயிர் போவது அவன் மகன் மெலியேகருக்கு.

வேண்டிய தெய்வம் வந்து காப்பாற்றும் என்று எழுதுவது

வராது. யூரிப்பிடீஸின் நாடகத்தில், ஆர்ட்டெமிஸை வழிபட்ட ஹிப்பொலிட்டஸ் காதல் தெய்வம் அஃப்ரொடைட்டியின் கோபத்தால் சாகும்போது ஆர்ட்டெமிஸே வந்து, ஒரு தெய்வத்தின் விருப்பத்துக்கு இன்னொரு தெய்வம் குறுக்கே நிற்பதில்லை என்று விளக்குகிறாள். அஃப்ரொடைட்டிக்குப் பிரியமான வேறொரு மனிதனைக் கொன்று பழிதீர்ப்பதாகச் சொல்லிவிட்டு, ஹிப்பொலிட்டஸின் உயிர் போவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறாள்.

ஹெராக்ளீஸ் என்ன தப்பு செய்தான் என்று தேடுவது

ஜீயஸுக்கு வேறொருத்தியிடம் பிறந்ததுதான். ஜீயஸின் மனைவி ஹீராவின் கோபத்துக்கு அதுவே போதும்.

மெடூசா

அத்தீனா தெய்வம் கோபத்தில் அவளை அரக்கியாக்கினாள் என்று சொல்வது ரோமானியக் கவிஞர் ஒவிட், கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய கிரேக்கக் கவிஞர் ஹெசியடிடம் அவள் பிறவியிலேயே கொர்கன் என்ற அரக்கிகளில் ஒருத்தி. ஒவிட் சொன்னதையும் தாராளமாகச் சொல்லுங்கள், யார் சொன்னது என்று ஒரு வரி சேர்த்துவிட்டு.