அழுகிய கொத்தமல்லி காட்டிய கணக்கு

மதுரையில் நாங்கள் நான்கு பேர். மூன்றாவது வாரமே மளிகைப் பணம் தீர்ந்துவிடும். விலைவாசிதான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஃபிரிட்ஜின் அடித்தட்டைத் துடைத்தபோது கொழகொழவென்று அழுகிய கொத்தமல்லி, சுருங்கிப்போன கேரட், பூஞ்சை பிடித்த தேங்காய் மூடி. எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. மனசு கேட்கவில்லை.

அன்றோடு வாரத்துக்கு மொத்தமாக வாங்குவதை நிறுத்தினேன். காலையிலேயே அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போய் (1999-இல் தமிழகத்தில் முதலில் தொடங்கிய உழவர் சந்தை இதுதான்) மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கிறேன். கொத்தமல்லியை வேரை நறுக்கி, ஈரம் போக உலர்த்தி, தாளில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் பச்சையாகவே இருக்கிறது.

அப்புறம் ரேஷன் துவரம்பருப்பு, கிலோ 30 ரூபாய். சீக்கிரம் வேகாது என்று அத்தை ஒதுக்கியே வைத்திருந்தார். அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு குக்கரில் வைத்தேன், நன்றாகக் குழைந்துவிட்டது. இப்போது வீட்டில் சாம்பாருக்கு அந்தப் பருப்புதான். லிட்டர் 25 ரூபாய் பாமாயிலை அப்பளம், வடை பொரிக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் கடைசி நாளில் அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் 400 ரூபாய் மிச்சம் இருந்தது. பிள்ளைகளுக்கு நாட்டுக்கோழி முட்டை வாங்கினேன்.