சாட்பாட் நம்மை மேற்கோள் காட்டுகிறதா? கணக்கெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வாரம் ஒருமுறை மார்க்கெட்டிங் ஆள் சாட்ஜிபிடியைத் திறந்து, "வீட்டுக்கு நல்ல கிரைண்டர் எது?" என்று கேட்கிறார். பதிலில் தங்கள் பெயர் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். முதலாளியும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுகிறார். பல இடங்களில் ஏஐ டிராக்கிங் என்பது இவ்வளவுதான்.

முதல் கோளாறு, ஒரே ஒரு தடவை கேட்பது. அதே கேள்வியைப் பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் வேறு பட்டியல் வரலாம். போதாததற்கு, நாள் முழுக்கத் தன் பிராண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் அக்கவுன்ட்டில் கேட்டால், பழைய உரையாடல்களை நினைவில் வைக்கும் மெமரி வசதி அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். லாகின் செய்யாமலோ தற்காலிக சாட்டிலோ, வெவ்வேறு நாட்களில் பல முறை கேட்டு, எத்தனைக்கு எத்தனை முறை வந்தோம் என்று எழுதுங்கள். "மூன்றாவது இடத்தில் இருக்கிறோம்" என்று ரேங்க் போடுவதில் அர்த்தமே இல்லை.

அடுத்தது, பெயர் சொல்வதையும் லிங்க் தருவதையும் ஒரே கணக்கில் போடுவது. வலைத்தேடல் செய்யாமல், பயிற்சியில் கற்றதை வைத்து மட்டும் பதில் சொன்னால் பெயர் வரும், லிங்க் வராது. தேடிச் சொன்னாலும் பிராண்டு பெயர் உங்களுடையதாகவும், லிங்க் ஆன்லைன் கடைக்கோ யூடியூப் விமர்சனத்துக்கோ போவதாகவும் இருக்கலாம். நேர்மாறாகவும் நடக்கும்: உளுந்து எவ்வளவு நேரம் அரைக்க வேண்டும் என்ற உங்கள் கட்டுரைக்கு லிங்க் இருக்கும், கம்பெனி பெயர் எங்குமே இருக்காது. பெயர் மட்டும் வந்து லிங்க் வராவிட்டால் உங்கள் தளத்தில் வேலை இருக்கிறது. லிங்க் மட்டும் வந்து பெயர் வராவிட்டால், பிராண்டு பெயர் கட்டுரைக்குள்ளேயே சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷீட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடாவிட்டால் எதைச் செய்வது என்றே தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, லிங்க்கைத் திறந்து பார்க்காமல் எண்ணிக்கை போடுவது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் ஆய்வு மையமான டோ சென்டர் 2025 மார்ச்சில் எட்டு ஏஐ தேடல் கருவிகளைச் சோதித்தது. செய்திக் கட்டுரையிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து, தலைப்பு, வெளியீட்டாளர், தேதி, முகவரியைக் கேட்டார்கள். 1,600 கேள்விகளில் 60 சதவீதத்துக்கு மேல் தவறான பதில். குரோக் 3 என்ற சாட்பாட்டிடம் கேட்ட 200 கேள்விகளில், அது கொடுத்த 154 லிங்க்குகள் எரர் பக்கத்துக்குப் போயின. அது செய்தித்தளங்களைப் பற்றிய சோதனைதான். ஆனாலும் லிங்க் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை நம்பக் கூடாது என்பது யாருக்கும் பொருந்தும்.

நம் கிரைண்டருக்கே வருவோம். உங்கள் பக்கத்தில் "மோட்டாருக்கு 5 ஆண்டு வாரண்டி, மற்ற பாகங்களுக்கு 1 ஆண்டு" என்று இருக்கிறது. சாட்பாட் "5 ஆண்டு வாரண்டி" என்று மட்டும் சொல்லி, பக்கத்திலேயே உங்கள் லிங்க்கையும் வைக்கிறது. டிராக்கிங் ஷீட்டில் அது ஒரு வெற்றி. சர்வீஸ் சென்டரிலோ, கிரைண்டர் கல் உடைந்துவிட்டது என்று, அந்தப் பதிலைக் கைபேசியில் காட்டிக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளர். ஆகவே "லிங்க் இருந்ததா" என்பதோடு "சொன்னது நம் பக்கத்தில் உண்டா" என்ற கட்டமும் வேண்டும். இதை ஒரு மனிதர்தான் படித்து நிரப்ப வேண்டும், அலுப்பான வேலைதான்.

தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று பதிவாகும் சர்வர் லாக்கைப் பார்த்துத் துள்ளுவதும் உண்டு. பக்கங்களைத் தானாகப் படிக்கும் நிரலான பாட் வந்து போனால் மேற்கோள் காட்டியதாக ஆகாது. ஓபன்ஏஐயை எடுத்தால், ஜிபிடிபாட் பயிற்சிக்காக வருவது, ஓஏஐ-சர்ச்பாட் தேடலுக்காக வருவது, சாட்ஜிபிடி-யூசர் யாரோ ஒருவர் கேட்டதால் பக்கத்தை எடுக்க வருவது. மூன்றையும் கூட்டிப் போட்டால் ஒன்றுமே விளங்காது. இந்தப் பெயரைப் போலியாகப் போட்டுக்கொண்டும் பாட்கள் வரும், ஓபன்ஏஐ வெளியிடும் ஐபி பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பாட் வரலாம், வரக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் ஃபைலில் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு "ஏன் நம்மைக் காட்டுவதில்லை" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பல தளங்கள் பாதுகாப்புக்குப் பயன்படுத்தும் கிளவுட்ஃபிளேர் சேவை, 2025 ஜூலையில் புதிதாகச் சேரும் தளங்களுக்கு ஏஐ பாட்களைத் தடுப்பதையே இயல்பு நிலையாக வைத்தது. உங்கள் டெவலப்பரே அதைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

தளத்தின் வருகைகளை எண்ணும் அனலிட்டிக்ஸில் வரும் எண் இன்னொரு பாதிக் கதை. சாட்ஜிபிடி தரும் பல லிங்க்குகளின் வாலில், எங்கிருந்து வந்தது என்று சொல்லும் யூடிஎம் குறி இருக்கும், அது தெரிந்துவிடும். ஆப்பிலிருந்து குறியில்லாமல் வருகிறவர்கள் "டைரக்ட்", அதாவது நேரடியாக வந்தவர்கள் என்ற கணக்கில் கரைந்துபோவார்கள். கூகுள் தேடலின் மேலே வரும் ஏஐ சுருக்கமான ஏஐ ஓவர்வியூ வழியாக வருகிறவர்களின் கிளிக்குகள், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் சாதாரணத் தேடலோடு சேர்ந்தே காட்டப்படுகின்றன. மேலும், கிளிக் செய்கிறவர்களே குறைவு: ஏஐ சுருக்கம் வந்த பக்கங்களில், அந்தச் சுருக்கத்தினுள் இருந்த லிங்க்கைத் தொட்டது 1 சதவீத வருகைகளில்தான் என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025ல் சொன்னது.

கேள்வியை எங்கிருந்து எடுப்பது? மீட்டிங் அறையில் உட்கார்ந்து "சிறந்த டில்டிங் கிரைண்டர் 2 லிட்டர்" என்று எழுதுவது வீண். கஸ்டமர் கேர் வாட்ஸ்அப்பைத் திறந்தால் "மாவு பொங்கவே மாட்டேங்குது, கிரைண்டர் பிரச்சனையா?", "கல்லு தேஞ்சா மாத்தலாமா?" என்று அசல் கேள்விகள் கொட்டிக் கிடக்கும். அதையே தமிழில், தங்கிலீஷில், ஆங்கிலத்தில் கேளுங்கள். ஆதாரமாக வரும் தளங்கள் மொழிக்கு மொழி மாறும். இன்னொரு சின்ன விஷயம்: பக்க முகவரி தமிழ் எழுத்தில் இருந்தால், லாக்கில் அது சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டு கிடக்கும். அதை மீண்டும் தமிழ் எழுத்தாக மாற்றாமல் (டீகோட் செய்யாமல்) தேடினால் உங்கள் பக்கமே வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

கட்டணக் கருவி வாங்குவதாக இருந்தால், ஏபிஐ (நிரல்கள் சாட்பாட் மாடலோடு நேரடியாகப் பேசும் வழி) வழியாகக் கேட்கிறார்களா, மக்கள் பார்க்கும் திரையிலிருந்து எடுக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். இரண்டின் பதிலும் ஒன்றாக இருப்பதில்லை.

தப்பாகச் சொன்ன பதில்கள் கையில் சேர்ந்ததும் சாட்பாட்டைத் திட்டுவதற்கு முன் உங்கள் பக்கத்தைப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டை இயக்கிப் பார்க்காத ஏஐ பாட்கள் நிறைய. தட்டினால்தான் ஏறும் டேபுக்குள் வாரண்டி விவரம் இருந்தால் அவற்றுக்கு அது இல்லாததுபோலத்தான். மோட்டார் எவ்வளவு, கல் எவ்வளவு, டிரம் எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக, நேரடி எழுத்தில் போடுங்கள். பழைய வாரண்டி அச்சிட்ட பிடிஎஃப் சர்வரில் எங்காவது கிடந்தால் அதை எடுத்துவிடுங்கள்.