மோடத்துக்கு டிரைவர் தேடும் முன்

மோடத்தைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர் கிடைக்கவில்லை என்று யாராவது என்னிடம் வந்தால், நான் முதலில் கேட்பது கம்பியை எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள் என்பதைத்தான். தொலைபேசிக் கம்பியைவிடச் சற்றுத் தடித்த முனையுள்ள ஈத்தர்நெட் கம்பி என்றால் மோடத்துக்கென்று டிரைவரே வேண்டாம். கணினியின் நெட்வொர்க் கார்டு வேலை செய்தால் போதும். யுஎஸ்பியில் செருகும் மோடத்துக்கும், சிம் போட்டுச் செருகும் சிறு மோடமான டாங்கிளுக்கும்தான் இந்தத் தலைவலி. உங்கள் மோடத்தில் இரண்டு துளைகளும் இருந்தால் ஈத்தர்நெட்டுக்கு மாறிவிடுங்கள். மேற்கொண்டு படிக்கவும் வேண்டாம்.

மற்றவர்கள் மோடத்தைப் புரட்டிப் பாருங்கள். மேலே பெரிதாக அச்சிட்டிருப்பது பல நேரங்களில் இணைப்பு தருபவரின் பெயர், தயாரித்தவர் வேறொருவர். அடியில் ஒட்டிய சீட்டில் மாடல் எண் இருக்கும். டாங்கிள் என்றால் சிம் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அங்குள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண் அந்த ஒரு கருவியை மட்டும் குறிப்பது; அதைக் கொண்டு டிரைவர் தேடாதீர்கள். மாடலுக்குப் பக்கத்தில் வி1, வி2 என்று ஏதாவது இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றாமல் உள்ளே சிப்பை மட்டும் மாற்றி விற்பது உண்டு. நான் ஒரு மாலை முழுவதும் ஒரே டிரைவரை நிறுவுவதும் நீக்குவதுமாக இருந்தேன். அந்த ‘வி2’ என் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

சீட்டு தேய்ந்துபோனாலும் மோடம் தன்னைத் தானே சொல்லிவிடும். விண்டோஸில் சாதனங்களின் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், டிரைவர் இல்லாத சாதனம் மஞ்சள் நிற ஆச்சரியக்குறியோடு நிற்கும். அதில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போங்கள். ‘விஐடி’ என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எழுத்துகள் தயாரிப்பாளரையும், ‘பிஐடி’க்குப் பின்னால் வரும் நான்கு எழுத்துகள் சாதனத்தையும் குறிப்பவை. விஐடி 12டி1 என்றால் ஹுவாவே, 19டி2 என்றால் இசட்டிஇ. திரையில் ஆங்கில எழுத்தில் இருப்பதை அப்படியே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். லினக்ஸ்காரர்களுக்கு ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்ற ஒரே கட்டளை போதும்.

டாங்கிள்களில் ஒரு வேடிக்கை உண்டு. செருகியதும் பல டாங்கிள்கள் சிடி டிரைவ் வேடத்தில்தான் வரும்; டிரைவரே அந்தச் ‘சிடி’க்குள் இருக்கும். நிறுவிய பிறகுதான் அவை மோடமாக மாறும். அப்போது பிஐடியும் மாறிவிடும். ஹுவாவே இ3372 வகைச் சில டாங்கிள்களில் 1எஃப்01 என்று இருந்தது 14டிசி என்று ஆவதை நீங்களே பார்க்கலாம். பதற வேண்டாம்.

இனி டிரைவர். தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். இணையம் இல்லாமல் எப்படி எடுப்பது என்கிறீர்களா? வேறொரு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். எல்லா டிரைவரையும் தானே தேடித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் என் கணினியில் அனுமதிப்பதில்லை. உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதைச் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கத்தில் பாருங்கள். ஒன்றுக்கான டிரைவர் மற்றதில் ஏறாது.

நிறுவும் முன் ஒரு நிமிடம் செலவிடுங்கள். இறக்கிய ஜிப் கோப்பை விரித்தால் உள்ளே ‘ஐஎன்எஃப்’ என்று முடியும் கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்து, காகிதத்தில் எழுதிய விஐடி, பிஐடி எண்களைத் தேடுங்கள். இரண்டும் ஒரே வரியில் இருந்தால் அது உங்கள் மோடத்துக்கான டிரைவர். இல்லையென்றால் கோப்பை அழித்துவிட்டு வேறு தேடுங்கள். அந்த மாலையில் இது எனக்குத் தெரிந்திருந்தால் நேரத்தோடு தூங்கியிருப்பேன்.

முன்பு ஏற்றிய தவறான டிரைவர் இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவர் மென்பொருளையும் அழிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். பழைய யுஎஸ்பி மோடம்களைச் செட்டப் கேட்கும்போது மட்டும் செருகுங்கள். செட்டப் கோப்பே இல்லையென்றால், டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் கொடுத்து அந்த ஐஎன்எஃப் இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள். மஞ்சள் குறி போய்விட்டதா? இன்னும் இருந்து, ‘கோட் 28’ என்று காட்டினால் டிரைவர் ஏறவே இல்லை. ஃபோல்டரைச் சரியாகக் காட்டினீர்களா என்று பாருங்கள். ‘கோட் 10’ என்றால் சாதனம் இயங்கத் தொடங்கவில்லை. அதை வேறொரு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள்.