மண் பாதை விபத்துக்குப் பின்: பயணியாக இருந்தவர் தம் உடலைக் கண்காணிக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டிரேக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்திலோ, குவாசுலு-நட்டால் மாகாணத்து வடகடற்கரையின் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவிலோ ஒரு வண்டி மண் பாதையில் கவிழும்போதும் மோதும்போதும், ஓட்டியவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததால் வரும் அடியை ஓரளவு எதிர்பார்த்திருப்பார். பின்னிருக்கையில் பேசிக்கொண்டோ உறங்கிக்கொண்டோ வந்தவர் எந்த ஆயத்தமும் இன்றி அதை வாங்கியிருப்பார். வேகம் குறைவாக இருந்தது, எழுந்து நடக்கவும் முடிந்தது என்பதால் பலர் அன்று மாலையே வீடு திரும்பிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி முதன்மையாக அவர்களுக்கானது.

முதல் சில நாட்களில் தலைவலி கூடிக்கொண்டே போனாலும், வாந்தி, குழப்பம், கைகால் தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 10177 என்ற ஆம்புலன்ஸ் எண்ணையோ, கைப்பேசியிலிருந்து 112-ஐயோ அழைக்க வேண்டும். வயிற்றின் குறுக்கே சீட்பெல்ட் பதிந்த கன்றல் இருந்து வலியும் ஏறினால் குடல் காயப்பட்டிருக்கலாம். அது ஓரிரு நாள் கழித்தே வெளிப்படுவதும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டிமாரின் தலை இலேசாக இடிபட்டிருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதன் பின்னும் சில வாரங்களுக்கு அவர்களுடைய நடையிலும் பேச்சிலும் தூக்கத்திலும் மாற்றம் வருகிறதா என்று வீட்டார் பார்த்துவர வேண்டும், ஏனெனில் மூளையைச் சுற்றி இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து சேரக்கூடும்.

மண் பாதை விபத்தில் தனிக் கவனம் வேண்டியது முதுகெலும்பு. சக்கரம் பள்ளத்தில் விழும்போதும், வண்டி மேட்டிலிருந்து பாய்ந்து தரையில் அடிக்கும்போதும் விசை இருக்கையிலிருந்து மேல்நோக்கி ஏறுகிறது. மார்புப் பகுதி முதுகெலும்பும் இடுப்புப் பகுதி முதுகெலும்பும் சேரும் இடத்தில் ஒரு எலும்பு நசுங்கினாலும் கால் மரத்துப்போகாமல் இருக்கலாம், நடக்கவும் முடியலாம்; ஆகவே அது வெறும் தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு மாதங்களைக் கடத்துபவர்கள் உண்டு. நிற்கும்போது கூடி, படுத்தால் தணியும் நடுமுதுகு வலிக்கு, குறிப்பாக எலும்பு மெலிந்த வயதான பெண்களுக்கு, எக்ஸ்ரே எடுக்கும்படி நாமே கேட்க வேண்டும். கழுத்துச் சுளுக்கு பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அடங்கிவிடும். எலும்பு முறிவு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தபின் கழுத்துப்பட்டையை நெடுநாள் மாட்டிக்கொண்டிருப்பதைவிட மெதுவாக அசைத்துப் பழகுவதே நல்லது.

தலையில் அடிபட்டவர்களுக்கு மூன்று மாதம் கடந்தும் மறதி, வெளிச்சம் தாங்காமை, காரணமற்ற எரிச்சல், தூக்கக் கோளாறு ஆகியவை நீடிக்கலாம். மூட்டுக்குள் விழுந்த முறிவு பல ஆண்டுகள் கழித்து மூட்டுத் தேய்மானமாகத் திரும்பக்கூடும் என்பதால் முதல் எக்ஸ்ரேயின் பிரதியைத் தூக்கி எறியக் கூடாது. வண்டியில் ஏறவே அஞ்சுவதும், விபத்து கனவில் திரும்பத் திரும்ப வருவதும் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் உளவியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் குடும்பங்களில் இதைத் திருஷ்டி, பயந்தாங்கொள்ளித்தனம் என்று ஒதுக்கிவிடுவது இன்னும் நடக்கிறது.

இவை தாமதமாக வருபவை ஆதலால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். "கை வலி" என்று எழுதுவதால் பயனில்லை. "சோற்றுப் பானையை இடது கையால் தூக்க முடியவில்லை, சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தன, இரவு இருமுறை விழித்தேன்" என்று தேதியிட்டு எழுதினால் எந்த நரம்பைச் சோதிப்பது என்று மருத்துவருக்கு உடனே தெரியும். வேலைக்குப் போகாத நாட்கள், மருந்துச் சீட்டுகள், காவல் நிலையத்தில் பதிந்த எண் ஆகியவையும் அதே நோட்டில் இருக்கட்டும்.

ஏனெனில் வாகன விபத்தில் காயம்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் அரசு அமைப்பான சாலை விபத்து நிதியமும் (ஆர்ஏஎஃப்) காகிதத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறது. அந்த நிதியத்துக்கான 1996-ஆம் ஆண்டின் 56-ஆம் எண் சட்டம் தென்னாப்பிரிக்காவுக்குள் "எந்த இடத்திலும்" வாகனம் ஓட்டியதால் நேர்ந்த காயத்தைப் பற்றியே பேசுவதால், தார்ச் சாலை அல்ல என்பதற்காக உரிமை போய்விடாது. வாகனம் மட்டும் சாலையில் ஓடவென வடிவமைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பண்ணையில் ஓட்டும் நான்கு சக்கர குவாட் பைக் என்றால் முதலில் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். ஓட்டியவர் மாமாவோ மச்சானோ ஆக இருப்பதால் பலர் கோரிக்கை வைக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது: பணம் எரிபொருள் வரியிலிருந்து வருகிறது, குடித்துவிட்டோ உரிமம் இன்றியோ ஓட்டியது போன்ற சில சூழல்களில்தான் நிதியம் ஓட்டியவரிடம் அதைத் திரும்பக் கேட்க முடியும். எனினும் ஓட்டியவரின் கவனக்குறைவு ஓரளவாவது காட்டப்பட வேண்டும். பயணி பெல்ட் போடாமல் இருந்தால் தொகை குறையக்கூடும்.

மோதிய வாகனம் எதுவென்று தெரிந்தால் விபத்து நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள்ளும், தெரியாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும் கோரிக்கையைச் சேர்க்க வேண்டும். வலிக்கும் வேதனைக்குமான இழப்பீடு, 2008 ஆகஸ்ட் முதல், கடுமையான காயத்துக்கு மட்டுமே உண்டு. அதற்கு மருத்துவர் நிரப்பும் ஆர்ஏஎஃப் 4 படிவம் தேவை. உடல் முழுமையில் 30 விழுக்காடு குறைபாடு என்பது அதன் அளவுகோல். அதற்குக் கீழே இருந்தாலும் நீண்டகால உறுப்புச் செயலிழப்பு, நிரந்தரமான கடும் உருச்சிதைவு, கடுமையான மனப் பாதிப்பு ஆகியவற்றை எடுத்துக்காட்டலாம். நாட்பட்ட காயத்துக்கு ஆகப் பயனுள்ளது வருங்கால மருத்துவச் செலவை நிதியம் ஏற்கும் உறுதிமொழிச் சான்றிதழ். வழக்கறிஞர் மொத்தத் தொகையைப் பற்றி மட்டும் பேசினால், இதை நாமே கேட்டுப் பெற வேண்டும்.

டிரேக்கன்ஸ்பர்க் மலையிலுள்ள சானி கணவாயின் உச்சியைத் தாண்டி அண்டை நாடான லெசோத்தோவுக்குள் நடந்த விபத்து இந்தச் சட்டத்துக்குள் வராது என்பதால், அங்கே செல்பவர்கள் வண்டியில் ஏறுமுன் மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும்.