டி-ஷர்ட் பிரிண்டிங்: எந்த முறை மலிவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்குப் போன் செய்து "ஒரு பீஸுக்கு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். விலை வராது, இரண்டு கேள்விகள்தான் திரும்பி வரும்: எத்தனை பீஸ், எத்தனை கலர்? புதிதாக டி-ஷர்ட் வியாபாரம் தொடங்குகிறவர்கள் இதை ஏதோ தந்திரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை, அந்த இரண்டும் தெரியாமல் யாராலும் நியாயமான விலை சொல்ல முடியாது. ஏன் என்பதை ஒரு பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு பார்த்துவிடலாம். பள்ளியில் படித்த கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதும்.

படி 1: என்னென்ன முறைகள் இருக்கின்றன?

மூன்றை எடுத்துக்கொள்வோம். டிடிஎஃப் என்பது டிசைனை ஒரு ஃபிலிமில் அச்சடித்து, பசைத் தூள் தூவிச் சூடாக்கி, ஹீட் பிரஸ்ஸில் வைத்துத் துணிமேல் ஒட்டுவது. எத்தனை கலர் இருந்தாலும் வேலை ஒன்றுதான், முன்வேலையும் அதிகம் இல்லை. அடுத்தது டேபிள் ஸ்கிரீன் பிரிண்டிங். நீளமான டேபிளில் துணிகளை வரிசையாக ஒட்டி வைத்து, கலருக்கு ஒரு ஸ்கிரீன் (ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய வலைத்துணி) வீதம் வைத்து, அதன் வழியாக இங்க்கைக் கையால் இழுப்பார்கள். ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ஃபிலிம் எடுத்து, எமல்ஷன் (ஒளி பட்டால் இறுகும் பூச்சு) பூசி, ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டி எக்ஸ்போஸ் செய்து, கழுவிக் காயவைக்க வேண்டும், அதாவது ஒரு பீஸ்கூடப் போடுவதற்கு முன்பே பாதி நாள் போய்விடும். மூன்றாவது ஆட்டோமேட்டிக் மெஷின். இதற்கும் ஸ்கிரீன் வேண்டும், எல்லாக் கலரும் பிசகாமல் விழும்படி செட்டிங் செய்ய மெஷின் நேரமும் வேண்டும், ஆனால் ஓட ஆரம்பித்துவிட்டால் கைவேலை அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

படி 2: செலவை இரண்டாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு செலவையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: ஒரே ஒரு பீஸ் போட்டாலும் இந்தச் செலவு முழுசாக வருமா? வரும் என்றால் அது நிலையான செலவு. ஸ்கிரீன், செட்டிங், சேம்பிள் எல்லாம் இதில் சேரும். பீஸ் கூடக் கூட ஏறுவது மாறும் செலவு. இங்க், கூலி, கரண்ட் இதில் வரும்.

4 கலர் டிசைன் என்று வைத்துக்கொள்வோம். கீழே இருப்பவை கணக்குப் புரிவதற்காக நானே வைத்த எண்கள், உங்களுக்குக் கிடைக்கும் கொட்டேஷனை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

டிடிஎஃப்: நிலையான செலவு 200 ரூபாய், பீஸுக்கு 45
டேபிள்: நிலையான செலவு 3,200 (4 ஸ்கிரீனுக்கு 2,400, சேம்பிளுக்கு 800), பீஸுக்கு 15
மெஷின்: நிலையான செலவு 11,200, பீஸுக்கு 7

மொத்தச் செலவு = நிலையான செலவு + (பீஸ் செலவு × எண்ணிக்கை). வேறு சூத்திரம் எதுவும் தேவையில்லை.

படி 3: வெட்டும் புள்ளி

இரண்டு முறைகளின் மொத்தச் செலவும் எந்த எண்ணிக்கையில் சமமாகிறதோ அதுதான் வெட்டும் புள்ளி. நிலையான செலவுகளின் வித்தியாசத்தை, பீஸ் செலவுகளின் வித்தியாசத்தால் வகுத்தால் கிடைத்துவிடும்.

டிடிஎஃப்பும் டேபிளும்: 3,000 ÷ 30 = 100 பீஸ்.
டேபிளும் மெஷினும்: 8,000 ÷ 8 = 1,000 பீஸ்.

ஆக 100க்குக் கீழே டிடிஎஃப், 100 முதல் 1,000 வரை டேபிள், அதற்கு மேல் மெஷின். 400 பீஸ் ஆர்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: டிடிஎஃப் 18,200, டேபிள் 9,200, மெஷின் 14,000. டிடிஎஃப்பையும் மெஷினையும் நேரடியாக ஒப்பிட்டால் ஏறக்குறைய 290 பீஸில் வெட்டும், ஆனால் அந்த எண்ணிக்கையில் இரண்டையும்விட டேபிள் மலிவு என்பதால் அந்தப் புள்ளியால் நமக்குப் பயன் இல்லை. மூன்று முறைகள் இருக்கும்போது பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கலரைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். ஒரே கலர் என்றால் டேபிளுக்கு ஒரு ஸ்கிரீன் போதும், நிலையான செலவு 1,400, பீஸுக்கு 6 ரூபாய் என்று வைப்போம். டிடிஎஃப்பில் பெரிய மாற்றம் இருக்காது. 1,200 ÷ 39, அதாவது 31 பீஸிலேயே டேபிள் மலிவாகிவிடுகிறது! டிசைனரிடம் உட்கார்ந்து ஒரு கலரைக் குறைப்பது, யூனிட்டில் பேரம் பேசுவதைவிட அதிகம் மிச்சப்படுத்தும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

படி 4: டேமேஜைச் சேருங்கள்

கொட்டேஷனில் இது இருக்காது. பிரிண்ட் கெட்டுப்போனால் இங்க் மட்டும் போவதில்லை, டி-ஷர்ட்டே போகிறது. பிளைன் டி-ஷர்ட் 120 ரூபாய், டிடிஎஃப்பில் 100க்கு 1, டேபிளில் 4, மெஷினில் 2 டேமேஜ் ஆகிறது என்று வைத்தால், பீஸுக்கு 1.20, 4.80, 2.40 ரூபாய் கூடி, பீஸ் செலவு முறையே 46.20, 19.80, 9.40 ஆகிவிடும். இப்போது வெட்டும் புள்ளிகளைத் திரும்பப் போடுங்கள்: முதலாவது 114க்கு ஏறுகிறது, இரண்டாவது 1,000லிருந்து 770க்கு இறங்குகிறது. 800 பீஸ் ஆர்டரை டேபிளில் கொடுப்பதா மெஷினில் கொடுப்பதா என்ற முடிவே மாறிவிட்டது. தைப்பதற்கு முன் கட் பீஸிலேயே பிரிண்ட் போட்டால் கெட்டுப்போவது முன்பக்கத் துணி மட்டும்தான், அப்போது 120க்குப் பதில் அந்தத் துணியின் விலையைப் போட வேண்டும்.

செலவுப் பட்டியலில் எதையாவது விட்டுவிட்டால் கணக்கு எவ்வளவு தூரம் தவறும் என்பதைத் திருப்பூர் சாயப்பட்டறைகள் பார்த்திருக்கின்றன. சாயக்கழிவு நீர் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை மூடச் சொன்னது. அந்தக் கழிவு நீரால் நொய்யல் ஆறும் அதை நம்பியிருந்த விவசாயிகளும் பல வருடம் சுமந்த செலவு அது, பட்டறைக் கணக்கில் வராமலே இருந்தது.

படி 5: எண்ணிக்கை உண்மையானதா?

இந்தக் கணக்கு முழுவதும் நீங்கள் போடும் எண்ணிக்கையில்தான் நிற்கிறது. கல்லூரி விழாவுக்குப் பணம் வாங்கிவிட்ட 250 பீஸ் என்றால் கவலை இல்லை, டேபிளுக்குப் போகலாம். ஆன்லைனில் விற்கப் போகிற புது டிசைன் என்றால் கதை வேறு. பீஸ் ரேட் குறைகிறதே என்று 300 போட்டு 80 மட்டும் விற்றால், மீதி 220 டி-ஷர்ட்டின் 26,400 ரூபாய் அட்டைப்பெட்டியில் தூங்கும். என் முதல் டிசைனில் எனக்கு நடந்தது இதுதான். இப்போது புது டிசைன் எதுவானாலும் டிடிஎஃப்பில் 30 பீஸ் போட்டு, விற்பனையைப் பார்த்த பிறகுதான் ஸ்கிரீன் எடுக்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம், ரிப்பீட் ஆர்டர். ஆர்டர் முடிந்ததும் பல யூனிட்டுகளில் எமல்ஷனைக் கழுவிவிட்டு அதே ஃப்ரேமை வேறு டிசைனுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஸ்கிரீன் பத்திரமாக இருந்தால் அடுத்த முறை அந்த 2,400 ரூபாய் கணக்கிலேயே வராது, 60 பீஸுக்குக்கூட டேபிள் கட்டுப்படியாகும். டெலிவரி எடுக்கப் போகும்போது, "அண்ணா, ஸ்கிரீனைக் கழுவிடாதீங்க, ரெண்டு மாசம் வெச்சிருங்க" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.