வயிற்றைக் குறைத்த பிறகு கஞ்சி போதாது: புரத விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பக்கத்து வீடுகளில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் அடுப்பில் முதலில் ஏறுவது ஜவ்வரிசிக் கஞ்சி. சுற்றிலும் மரவள்ளிக் காடு, சேகோ ஆலை, வேறென்ன ஏறும்? காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அது நல்ல துணைதான். எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கோ பெரும்பாலான தவறுகள் அந்தக் கஞ்சியிலிருந்துதான் தொடங்குகின்றன. ஜவ்வரிசி என்பது கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து. 100 கிராமில் அரை கிராம் புரதம்கூடக் கிடையாது.

கணக்கைப் பார்த்தால் சிக்கல் புரியும். ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைக்கிற பைபாஸ் முறையில் மிஞ்சும் பை அதைவிடச் சின்னது. முதல் சில வாரங்களுக்கு ஒரு வேளைக்கு அரை டம்ளருக்கு மேல் இறங்காது. ஆனால் ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் குறையவில்லை. பொதுவாக 60 முதல் 80 கிராம் வரை சொல்வார்கள். ஆளின் உயரம், எடை, செய்த முறையைப் பொறுத்துச் சிலருக்கு அதற்கு மேலும் போகும். வெட்டித் தைத்த இடம் ஆறுவதற்கும் அது வேண்டும், எடை இறங்கும்போது தசை கரையாமல் இருப்பதற்கும் வேண்டும். இருக்கிற அரை டம்ளர் இடத்தைக் கஞ்சிக்குக் கொடுத்துவிட்டால் அந்த வேளை போனதுதான். “கண்ணு, இன்னும் ரெண்டு வாய் குடி, வயித்துக்கு இதமா இருக்கும்” என்று பாசத்தோடு ஊட்டுகிற அம்மாவிடம் இதை எடுத்துச் சொல்வது, அறுவை சிகிச்சையைவிடக் கஷ்டம்! அதனால் டயட்டீஷியனிடம் போகும்போது வீட்டில் சமைப்பவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

கஞ்சிக்கு அடுத்தது ஆட்டுக்கால் சூப். எலும்பு வெந்த தண்ணீர் என்பதால் அதில் சத்தெல்லாம் இறங்கியிருக்கும் என்பது நம்பிக்கை. தெளிந்த சூப்பில் புரதம் கொஞ்சம்தான். அதுவும் பெரும்பாலும் எலும்பு, குருத்தெலும்பிலிருந்து வருகிற ஜெலட்டின். உடம்புக்குக் கட்டாயம் வேண்டிய அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபான் ஜெலட்டினில் இல்லவே இல்லை. உப்பும் நீரும் உள்ளே போகட்டும் என்று குடிக்கலாம், புரதக் கணக்கில் எழுதக் கூடாது. பருப்புத் தண்ணீரும் அப்படித்தான். 30 கிராம் பருப்பை வேகவைத்தால் சுமார் 7 கிராம் புரதம் கிடைக்கும், ஆனால் அது கிண்ணத்தின் அடியில் தங்கும் கெட்டியில் இருக்கிறது. மேலே தெளிந்ததை மட்டும் வடித்துக் கொடுப்பது முதல் சில நாளுக்குச் சரி. மருத்துவர் மசித்த உணவுக்கு அனுமதித்த பிறகும் அதையே தொடர்வது வீண்.

இதற்கு நேரெதிரான தவறு அவசரம். நீர், அப்புறம் பால் மோர் போன்ற திரவம், அப்புறம் மசித்தது, அப்புறம் மெதுவானது என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஒன்றரை இரண்டு மாதம் ஆகிவிடும். புரதம் வேண்டுமே என்று மூன்றாம் வாரமே சிக்கன் துண்டைக் கடித்தால் அது நெஞ்சுக்கு நேராக அடைத்துக்கொண்டு நிற்கும், வாந்தியில் முடியும். அதைவிட மோசம், அந்த பயத்தில் சிலர் கறியையே விட்டுவிடுவார்கள். முட்டையில் ஆரம்பிக்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம். அரைவேக்காடு வேண்டாம், நன்றாக வேகவைத்துத் தயிரோடு மசித்துக்கொள்ளலாம். அடுத்து மீன். நமக்கு மேட்டூர் அணை பக்கத்தில் இருக்கிறது. கட்லாவோ ஜிலேபியோ முள் நீக்கி, எண்ணெயில் பொரிக்காமல் குழம்பில் வேகவைத்தால் பூப்போல உதிரும். வெந்த மீன் 50 கிராமில் சுமார் 10 கிராம் புரதம் வந்துவிடும். கோழியும் ஆடும் கடைசியில், அதுவும் முதலில் கொத்துக்கறியாக.

தட்டில் எதை முதலில் தொடுகிறோம் என்பதும் முக்கியம். சாதம், ரசம் என்று ஆரம்பித்தால் முட்டைக்கு வரும்போது வயிறு நிரம்பிவிடும். புரதம் முதலில், காய் அடுத்து, இடமிருந்தால் இரண்டு வாய் சாதம். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். முடித்து அரை மணி நேரம் கழித்து, மடக்கு மடக்காக. நாளில் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் நீர் சேர வேண்டும் என்பதால் பாட்டில் கையிலேயே இருக்கட்டும்.

புரோட்டீன் பவுடர் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் நம்மில் அதிகம். ‘அது ஜிம் பசங்களுக்கு’, ‘கிட்னி போயிடும்’ என்பார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு மருத்துவர் சொன்ன அளவு ஒன்றும் செய்யாது. முதல் இரண்டு மூன்று மாதம் அது இல்லாமல் சமாளிப்பது சிரமமும்கூட. ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், 40 கிராம் மீன், ஒரு சின்னக் கிண்ணம் கெட்டித் தயிர், 40 கிராம் பன்னீர், மூன்று கரண்டி பருப்பு என்று நாள் முழுக்க முயன்றாலும் 35 கிராமை ஒட்டித்தான் நிற்கும். டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியில் ஒரு கரண்டி பவுடர் சேர்ந்தால்தான் 60 கண்ணுக்குத் தெரியும். ஆனால் எதை வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். எடை ஏற்றுவதற்கான ‘மாஸ் கெய்னர்’ டப்பாவையும், சர்க்கரை நிறைந்த மால்ட் பானத்தையும் புரோட்டீன் என்று நினைத்து வாங்கி வருகிறார்கள். டப்பாவின் பின்பக்கம் ஒரு கரண்டிக்கு 20 கிராமுக்கு மேல் புரதமும் மிகக் குறைந்த சர்க்கரையும் இருக்கிறதா என்று பாருங்கள். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பினால் பால் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கிய ‘வே ஐசோலேட்’ என்ற வகையைக் கேட்கலாம். கொதிக்கிற பாலில் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரளும், வெதுவெதுப்பில் கலக்குங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பட்டர் ஃப்ரூட் (அவகேடோ) நல்ல பழம், ஆனால் 100 கிராமில் 2 கிராம் புரதம்தான், மற்றபடி கொழுப்பு. சர்க்கரை போட்டு மில்க் ஷேக் அடித்தால் பைபாஸ் செய்தவர்களுக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று சேர்ந்து வரலாம். மாம்பழ ஜூஸுக்கும் இதே பேச்சுதான்.

புரட்டாசியை யாரும் யோசிப்பதில்லை. பல வீடுகளில் அந்த மாதம் முட்டைகூட வாசல் தாண்டாது. ஆவணியில் அறுவை சிகிச்சை என்றால் புரதம் மிகவும் தேவைப்படும் வாரங்கள் நேராக அதில் போய் விழும். விரதத்தை விடுங்கள் என்று சொல்ல மாட்டேன், முன்கூட்டியே திட்டமிடுங்கள். 50 கிராம் பன்னீரில் 9 கிராம் உண்டு. மீல்மேக்கர் 25 கிராமில் 13 கிராம். ஊறினால் பெருத்துவிடும் என்பதால் பிழிந்து அரைத்து, மெதுவான உணவுக் கட்டத்தில் மட்டும். பொட்டுக்கடலை மாவை மோரில் கலக்கலாம். நவராத்திரிச் சுண்டல் இரண்டு மாதம் தாண்டியவருக்குத்தான், அதுவும் குழைய வெந்தால்.

ஆறு மாதம் கழித்து வருகிற தவறு கண்ணுக்கே தெரியாது. கோழித்துண்டு மெல்ல நேரமாகிறது, அடைக்கிறது. தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே காயும் சட்னியும் வைத்த நம்ம ஊர் பலகாரம்), நொறுக்கல், பிஸ்கெட் எல்லாம் வாயிலேயே கரைந்து சிரமமில்லாமல் இறங்குகிறது. உடம்பு சுலபமானதைத்தானே கேட்கும்? சாயந்திரம் ஒரு செட் என்று தொடங்கி ராத்திரிச் சாப்பாட்டின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். புரதம் குறையும், நின்ற எடை திரும்ப ஏறும். தட்டுவடையை வாழ்நாள் முழுக்கத் தொடாதே என்பதல்ல. புரதம் உள்ளே போன பிறகு ஒன்று கடித்தால் போதும்.

மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி கொத்தாக உதிரும்போது எண்ணெய்க்குச் செலவழிக்க வேண்டாம். அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியும் எடை வேகமாக இறங்குவதும் சேர்ந்து செய்வது அது, பெரும்பாலும் திரும்ப முளைக்கும். புரதமோ இரும்போ துத்தநாகமோ குறைவாக இருந்தால்தான் அந்த உதிர்வு நீளும். ரத்தப் பரிசோதனை அதைச் சொல்லும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைப் புரதம் ஈடுகட்டாது. நிறுத்தாதீர்கள்.

சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே உள்ளவர்கள் இங்கே சொன்ன அளவு எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குத் தனிக் கணக்கு. இன்னொன்று, வாந்தி. ஒரு வேளை வேகமாகச் சாப்பிட்டு எடுத்தது வேறு. இரண்டு மூன்று நாளாக எதுவும் தங்கவில்லை என்றால் தயமின் என்ற பி1 வைட்டமின் வேகமாகக் குறையும். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாவது, பேச்சு குழம்புவது அதன் அறிகுறிகள். இருட்டிவிட்டது, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே என்று ஏற்காட்டில் காலை வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர் என்பதைச் சொல்லிவிடுங்கள்; பி1 ஊசியை அவர்கள் முதலில் போட வேண்டியிருக்கும்.