புது வீட்டுக்குப் போகும் தோட்டக் குடும்பங்களுக்கு: பெயின்றுக்கு முன் கானைப் பாருங்கள்

தொண்டு நிறுவனங்களின் உதவியோடும், கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்து மண் சுமந்து கல் அடுக்கும் தொண்டர்களின் உழைப்போடும் கட்டப்பட்ட தனி வீடுகளுக்கு மலையகக் குடும்பங்கள் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசைக் காம்பராக்களை, விட்டுக் குடிபோகின்றன. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவதற்கு யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. அதற்கு முந்திய சில வாரங்களிலும், அதன் பின் வரும் முதல் மழைக்காலத்திலும் கவனிக்க வேண்டியவற்றையே இங்கே எழுதுகிறேன். லயத்தில் கூரை ஒழுகினாலும் கான் (வடிகால்) அடைத்துக்கொண்டாலும் தோட்ட அலுவலகத்தில் போய்ச் சொல்வது வழக்கம். சொன்னபின் யாராவது வந்து பார்த்தார்களா என்பது வேறு கதை. புது வீட்டில் அந்தப் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரரின் தலையில் இறங்குகிறது. ஆகவே கையில் மிஞ்சும் முதல் பணமும், வேலையில்லாத முதல் ஞாயிற்றுக்கிழமைகளும் தண்ணீர் ஓடும் வழிக்கும் காகிதங்களுக்கும் போகட்டும். பெயின்றும் டைல்ஸும் ஒரு மழைக்காலம் பொறுத்திருக்கலாம்.

தொண்டர்கள் புறப்படுவதற்கு முன்

கட்டி முடிந்த வீட்டில் முக்கியமானவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை: மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது, அதற்குப் போகும் குழாய் எந்தப் பக்கமாக வளைகிறது, சுவருக்குள் மின் வயர் எந்த வழியாக இறங்குகிறது, கூரைச் சட்டங்கள் சுவரோடு எப்படிக் கட்டப்பட்டுள்ளன என்பவை. இவற்றை அறிந்தவர்கள் மேசன் பாஸும், வேலையை மேற்பார்வை செய்த தொழில்நுட்ப உத்தியோகத்தரும், கூட நின்ற தொண்டர்களும்தான். அவர்கள் அடுத்த வேலைத்தளத்துக்குப் போய்விட்டால் பிறகு கேட்பதற்கு ஆளிருக்காது. எனவே குழாயையும் குழியையும் மண் போட்டு மூடுவதற்கு முன்பே கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒரு கொப்பித் தாளில் வீட்டைப் பெட்டியாக வரைந்து, வீட்டு மூலையிலிருந்து குழி எத்தனை அடி தூரம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மரவள்ளி நடப்போய்க் குழாயில் மண்வெட்டி போடாமல் இருக்க இந்தத் தாள் உதவும்.

வீட்டைப் பொறுப்பேற்கும் அன்று ஒவ்வொரு கதவையும் யன்னலையும் திறந்து மூடிப் பாருங்கள். குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது துவாரத்தை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று கவனியுங்கள். மின்சாரம் கிடைத்திருந்தால், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள்; அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் அந்தச் சுவிட்ச் எவரையும் காப்பாற்றாது. கண்ட குறைகளை எழுதி, நிறுவனத்தின் உள்ளூர் அலுவலரிடம் ஒரு பிரதியைக் கொடுத்து, மறு பிரதியில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். இலவசமாகக் கட்டித் தந்தவர்களிடம் குறை சொல்வதா என்று நம்மவர்கள் கூச்சப்படுவதுண்டு. இந்தக் கூச்சம் வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு வந்த தொண்டர்களில் பலர் அன்றுதான் முதன்முதலாகச் சாந்துக் கரண்டியைப் பிடித்தவர்கள். பிழை இருந்தால் தெரிவிக்கப்படுவதையே பொறுப்பான நிறுவனம் எதிர்பார்க்கும்.

புதிய பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுவது இயல்பு. சீமெந்து காயும்போது சுருங்குவதால் அவை வருகின்றன. யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஏறும் வெடிப்பும், படிக்கட்டு வடிவில் புளொக் கல் இணைப்புகளின் வழியே செல்லும் வெடிப்பும் வேறு வகை; அவை அத்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டக்கூடும். அப்படியொன்றைக் கண்டால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடிட்டுத் திகதியை எழுதிவிடுங்கள். சில வாரங்களில் வெடிப்பு கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால் அதைப் பூசி மறைக்காமல் தொழில்நுட்ப உத்தியோகத்தரை அழைக்க வேண்டும்.

நுவரெலியா, தலவாக்கலை போன்ற பனி மூடும் இடங்களில் புதுச் சுவர் காய்வதற்கு நாள் எடுக்கும். ஒரு மாதமாவது காயாத சுவரில் பெயின்ற் அடித்தால் அது கொப்புளித்து உரிந்துவிடும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பகலில் வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்தில் யன்னல்களைத் திறந்து வையுங்கள். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, ஈரத் துணியையும் உள்ளேயே காயப்போட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைகளுக்கு இழுப்பு வரும்.

தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும்

தோட்டக் குடும்பங்களுக்குப் பொதுவாக ஒதுக்கப்பட்டுவந்த காணி 7 பேர்ச்சஸ். அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடாகிவிட்டால் எஞ்சியிருப்பது 1,350 சதுர அடி அளவே. அதிலும் ஒரு பகுதி சரிவாகவும் இன்னொரு பகுதி மண் வெட்டிய மேடாகவும் இருக்கும். இந்தச் சிறு துண்டில் எவ்வளவு தண்ணீர் வந்து விழுகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், 550 சதுர அடி வீட்டின் கூரையிலிருந்து மட்டும் 5,000 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர் இறங்கும். ஆயிரம் லீற்றர்த் தாங்கிகள் ஐந்தை ஒரே நாளில் வீட்டைச் சுற்றிக் கவிழ்ப்பதற்கு அது சமம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் வீட்டுக்காரர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி.

முதல் மழை நாளில் குடையை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்த இடத்தில் மண் குழிந்திருக்கிறதா, பின்பக்கத்து மேட்டிலிருந்து வரும் தண்ணீர் கானுக்குள் இறங்குகிறதா, அத்திவாரத்தை நனைக்கிறதா என்பதெல்லாம் மழை பெய்யும்போது மட்டுமே தெரியும். வெயில் நாளில் பார்த்தால் எல்லாக் கானும் நல்ல கான்தான். வீட்டைச் சுற்றிய கான் சீமெந்து பூசியதாக இருப்பது நல்லது. அது முடியும் இடம் பொதுக் கானாகவோ கல் நிறைந்த நீரோடையாகவோ இருக்க வேண்டும். கீழ் வரிசை வீட்டின் முற்றமாக இருக்கக்கூடாது. புதுக் குடியிருப்புகளில் அயலவர்களுக்குள் வரும் முதற் சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. மேல் வீட்டாரும் கீழ் வீட்டாரும் ஒரு நாள் சிரமதானம் செய்து கானை நேராகக் கொண்டுபோனால் பல வருடத்து மனஸ்தாபம் மிச்சம்.

வீட்டுக்குப் பின்னாலோ கீழேயோ தாங்குச் சுவர் கட்டப்பட்டிருந்தால், அதில் வரிசையாகச் சிறு பிளாஸ்ரிக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவருக்குப் பின்னால் மண்ணில் தேங்கும் நீர் வடிவதற்காக அவை வைக்கப்படுகின்றன. பாம்பு வருகிறது, எலி வருகிறது என்று துணியையோ சாந்தையோ வைத்து அவற்றை அடைத்துவிட்டால், மழையில் ஊறிய மண்ணின் பாரத்தோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். பயமாக இருந்தால் கம்பி வலைத் துண்டை வைத்துக் கட்டுங்கள். துவாரம் திறந்தே இருக்க வேண்டும்.

பின்பக்கத்து மண்மேட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே விட்டிருக்கும் வெற்றிடத்தை வீணான இடம் என்று நினைக்க வேண்டாம். விறகு அடுப்பு வைக்கத் தகரக் கொட்டில் ஒன்றை அங்கே இறக்குவது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. காஸ் சிலிண்டர் எப்போதும் கட்டுப்படியாகாத வீட்டில் அந்தத் தேவை நியாயமானதும்கூட. ஆனால் மேடு சரிந்தால் முதலில் விழும் இடம் அதுவே. அந்த நேரம் உள்ளே நிற்பது சமைக்கும் பெண்ணாக இருக்கும். குசினிக் கொட்டிலை வீட்டின் பக்கவாட்டில், காற்றோட்டமும் புகைபோக்கியும் இருக்கும்படி அமையுங்கள். மண்மேட்டின் அடியை ஓர் அடி வெட்டினால் இடம் கிடைக்குமே என்ற ஆசையும் ஆகாது. மேட்டின் மேல் வெட்டிவேரைக் கிடையான வரிசைகளில் நட்டால் அதன் ஆழமான வேர் மண்ணைப் பிடிக்கும். தண்ணீர் தேங்கும் குழிகளும் குப்பைக் கிடங்கும் அதன் விளிம்பில் வேண்டாம். போஞ்சி, லீக்ஸ் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காக, சமதரையான பக்கத்தில் போடுங்கள்.

குடிதண்ணீர் பெரும்பாலும் மலை ஊற்றிலிருந்து குழாயில் வந்து பொதுத் தாங்கியில் சேரும். லயத்துப் பீலியில் வரிசையில் நின்றவர்களுக்கு வீட்டுக்குள் குழாய் என்பது பெரிய விடுதலை. ஆனால் வறண்ட மாதங்களில் ஊற்று சுருங்கும்போது மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது. குடிபுகுந்த கையோடு தண்ணீர்க் குழுவொன்றை அமைத்து, வால்வைத் திறப்பவர் யார், மாதச் சந்தா எவ்வளவு, தாங்கியைக் கழுவும் முறை என்ன என்பவற்றை எழுதி வைப்பது நல்லது. ஊற்றைச் சுற்றி வேலி போட்டு, மாடுகளும் மருந்தடிக்கும் தேயிலை மலையின் வழிந்தோடும் நீரும் அதற்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலசலகூடக் குழி ஊற்றுக்கோ கிணற்றுக்கோ மேற்பக்கத்தில் இருக்கக்கூடாது. குறைந்தது 50 அடி தூரமாவது வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்பதைத் தோட்டத்துத் தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

காகிதங்கள்

லயத்துக் காம்பரா வேலையோடு ஒட்டியிருந்தது; புது வீடு காணி உறுதியோடு ஒட்டியிருக்கிறது. உறுதி இன்னும் வராவிட்டால், வீட்டைக் கையளித்த கடிதம், பயனாளி ஒப்பந்தம், காணி அளவைப் படம் ஆகியவற்றின் பிரதிகளைப் பெற்று வைத்து, உறுதி எப்போது யார் பெயரில் வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொழுந்து பறித்து வீட்டைத் தாங்கும் பெண், கணவன் இறந்தாலோ பிரிந்தாலோ உரிமைக்காகக் கச்சேரிப் படியேறும் நிலை வரக்கூடாது.

அடுத்தது முகவரி. தோட்டத்துக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாக வந்து தாமதித்ததும் தொலைந்ததும் பழைய குறை. வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கிடைத்ததும் கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்பிலும் பெயர்களைப் புதிய முகவரிக்கு மாற்றுங்கள்; பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கும்போது வதிவிடத்தை நிரூபிக்க இது தேவைப்படும். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறுவோர் முகவரி மாற்றத்தைப் பிரதேச செயலகத்துக்கு அறிவிக்க வேண்டும். மின் இணைப்பையும் சொந்தப் பெயரில் எடுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுப்பது ஆபத்தானது, அதோடு உங்கள் பெயரில் ஒரு பட்டியலும் வராது. வீதி, குப்பை, தெருவிளக்கு போன்றவற்றுக்குப் பிரதேச சபையை அணுகலாம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டதன் பின், தோட்டக் குடியிருப்புகளுக்கு நிதி ஒதுக்கச் சட்டம் இடம் தருவதில்லை என்ற பழைய பதில் செல்லாது.

ஆட்களைப் பற்றிச் சில வார்த்தைகள்

லயத்தில் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். தனி வீட்டில் அந்தத் தொல்லையும் இல்லை, அந்தத் துணையும் இல்லை. அம்மாவும் அப்பாவும் மலைக்குப் போனபின் தனியே இருக்கும் தாத்தா, அப்பாயியை யார் எட்டிப் பார்ப்பது, பிள்ளை மடுவம் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) தூரமாகிவிட்டால் சின்னப் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது என்பவற்றைப் போகுமுன்பே பேசி முடியுங்கள். மரண உதவிச் சங்கத்துச் சந்தாவையும் கோயில் வரியையும் பழைய இடத்தில் சட்டென நிறுத்திவிட வேண்டாம். வீடு கட்டித் தந்த நிறுவனம் பின்னர் நன்கொடையாளர்களை அழைத்துவந்து வீட்டையும் பிள்ளைகளையும் படம் எடுக்கக் கேட்கலாம். விருப்பமில்லாவிட்டால் மரியாதையாக மறுக்கலாம். நன்றி வேறு, அனுமதி வேறு.

மழை எச்சரிக்கையும் பின்னாளைய கட்டட வேலையும்

2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்த சரிவு அது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகம் முழுவதும் மண்சரிவுகளை ஏற்படுத்தியது. புது வீடு என்பதற்காக மலை விட்டுவைக்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் பெய்யும் மழையை வைத்து எச்சரிக்கை விடுக்கிறது: 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் புறப்படத் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் வெளியேறுவதே சரி.

இதை வீட்டிலேயே அளக்கலாம். பக்கங்கள் நேராக உள்ள பெரிய பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தை வெட்டி, அடியின் மேடுபள்ளம் மறையும் வரை சீமெந்துக் கரைசல் ஊற்றி இறுகவிடுங்கள். அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டு அடிமட்டத்தால் 75, 100, 150 மில்லிமீற்றர்களைக் கோடிடுங்கள். கூரையும் மரமும் மறைக்காத வெளியில் நேராக நிறுத்தி, தினமும் காலை ஒரே நேரத்தில் பார்த்துவிட்டுக் கொட்டிவிட வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் இதை மகிழ்ச்சியோடு செய்வார்கள். அளவு கோட்டை எட்டாவிட்டாலும், நிலத்தில் புது வெடிப்பு, திடீரென இறுகும் கதவு, சாயும் மின்கம்பம், கலங்கிய அல்லது சட்டென நின்றுபோன ஊற்று ஆகியவற்றில் ஒன்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். உறுதி, அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், மருந்துகள் எல்லாம் ஒரே பிளாஸ்ரிக் பையில், வாசலருகே தொங்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பாட்டிக்கும் தெரியும்படி பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

மழைக்காலம் ஒன்று கடந்து, கானும் சுவரும் தாங்கியது தெரிந்தபின் மகனுக்கு ஓர் அறை சேர்க்கலாம், முன்பக்கம் இஸ்தோப்பு இறக்கலாம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் அதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும் பிரதேச சபையின் அனுமதியும் தேவை. தொண்டர்கள் விட்டுச்சென்ற வரைபடத்தையும், குழியின் தூரத்தைக் குறித்த அந்தக் கொப்பித் தாளையும் விண்ணப்பத்தோடு எடுத்துச் செல்லுங்கள்.